ஓர் உழக்கு அயிரை

அயிரை மீனை உயிரோடுதான் வாங்க வேண்டும். செத்த அயிரையை எங்கள் பக்கத்தில் யாரும் குழம்பு வைக்க மாட்டார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன் அது. மண் நிறம், மேலே கரும்புள்ளி, வாயோரம் மீசை. கண்மாய்த் தண்ணீருக்கு அடியில் மணலோடு மணலாகப் படுத்துக்கொண்டு மண்ணையே தின்றுகொண்டிருக்கும். நல்ல தண்ணீரில் கொஞ்சம் பால் ஊற்றி அதில் விட்டுவிட்டால், அரை மணி நேரத்தில் வயிற்றில் இருக்கிற மண்ணை எல்லாம் கக்கிவிடும். செத்த மீன் எப்படிக் கக்கும்? அது மண்ணோடு வெந்து பல்லில் நறநறக்கும்.

கக்கிய பிறகு உரச வேண்டும். மண்சட்டியில் கல்லுப்பைப் போட்டு, மீனை அதன் மேல் விட்டு, சட்டியின் சொரசொரப்பில் தேய்த்தால் வழவழப்பு எல்லாம் நுரையாக வரும். நுரை நிற்கும் வரை தண்ணீர் மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வீட்டுக்காரருடைய வேலை. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் நான் ஒரு நாள்கூட அயிரை உரசியதில்லை. விட மாட்டார்.

“நீ அழுத்திருவ புள்ள. அழுத்துனா குடல் பிதுங்கி கொழம்பு கசந்துபோகும். பச்சப்பிள்ளைக்கு எண்ணெ தேய்க்கிற மாதிரி தேய்க்கணும்” என்பார்.

அப்படிப்பட்ட கைகள் இரண்டும் போன தீபாவளிக்கு இருபது நாள் இருக்கும்போது வெந்துபோயின.

நாங்கள் இரண்டு பேருமே பட்டாசு வேலைதான். தாயில்பட்டிப் பக்கம் அவர் ஒரு கம்பெனி, நான் ஒரு கம்பெனி. வானத்தில் போய்ப் பூப்பூவாக விரிகிற ஃபேன்சி ரகத்துக்குக் குழாயில் மருந்து குத்துகிறவர் அவர். நான் புஸ்வாணத்துக்குக் கூம்பில் மருந்து அடைக்கிறவள். அன்றைக்கு அவருடைய கம்பெனி வாசலில் லோடு ஏற்ற லாரி வந்து நின்றிருந்தது. வடக்கே போகிற ஆர்டர். சாயங்காலம் நாலு மணிக்கு அவர் உட்கார்ந்திருந்த அறையில் தீப்பிடித்தது. உடன் இருந்தவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். இவருக்குக் கை இரண்டும் முழங்கை வரை வெந்துபோயின. சாவு இல்லை என்பதால் பேப்பரில் நாலு வரிதான் வந்தது. மருந்தில் ஏற்பட்ட உராய்வே காரணம் என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் எது வெடித்தாலும் உராய்வுதான். உராய்ந்தது யார், எத்தனை மணி நேரமாக உராய்ந்துகொண்டிருந்தார், வெளியே லாரி நின்று ஹாரன் அடித்ததா என்பதெல்லாம் நாலு வரியில் அடங்காது.

பழியை அவர் மேல் போட்டுப் பேப்பர்காரன் எழுதினால் பரவாயில்லை. நானும் அதையேதான் சொன்னேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள். இரண்டு இரவு தூங்காமல் தரையில் உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் போர்மேன் வந்து பார்த்துவிட்டு, “கொஞ்சம் வேகமா குத்திட்டாப்ல” என்று வராந்தாவில் சொல்லிவிட்டுப் போனார். நான் உள்ளே போனேன். வெள்ளைத் துணி சுற்றி, தலையணை மேல் தூக்கி வைத்த இரண்டு கைகளையும் பார்த்தேன். ஆறுதலாக ஒன்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“எதுக்கு அம்புட்டு அவசரம்? நிதானமா செஞ்சிருந்தா இந்தக் கதி வருமா?”

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மத்தியானம் நான் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டார். நர்சம்மா ஊட்டினார், சாப்பிட்டார். மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்த மகள் வந்து ஊட்டினாள், சாப்பிட்டார். நான் கையை நீட்டினால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். கொட்டிய பாலை அள்ள முடியாது என்பார்கள். கொட்டிய வார்த்தையை அள்ளலாம் என்று நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். மகள் பதினைந்து நாள் இருந்தாள். அங்கே அவள் வீட்டில் மக்காச்சோளம் களையெடுக்காமல் கிடந்தது, மாமியாருக்கும் முடியவில்லை, போய்விட்டாள். அன்றிலிருந்து மனிதருக்குக் கஞ்சிதான் சாப்பாடு. டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தானே குடிப்பார். டீயும் அப்படியே. பிஸ்கட்டை டீயில் போட்டுக் கரைத்துக் குடிப்பார். பாதி நாள் மார்பில் கொட்டிக்கொள்வார். துடைத்துவிட்டால் பேசாமல் இருப்பார். குளிப்பாட்ட விட்டார், வேட்டி கட்டிவிட விட்டார், அதற்கு மேலும் எல்லாவற்றுக்கும் விட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை.

கட்டு மாற்றப் போனபோது டாக்டர் என்னைத்தான் திட்டினார். “இப்படி எலும்பும் தோலுமா இருந்தா எப்படிம்மா தோல் ஒட்டு வைக்கிறது? புண்ணு ஆறணும்ல. முட்டை குடுங்க, மீன் குடுங்க.” நான் தலையை ஆட்டினேன். என் கையால் கொடுத்தால் திங்க மாட்டார் டாக்டர் என்று எந்த வாயால் சொல்வது.

வேலைக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். காலையில் எழுந்து அவருக்கு எல்லாம் செய்துவிட்டு, கஞ்சியை இரண்டு டம்ளரில் ஊற்றி எட்டுகிற இடத்தில் மூடி வைத்துவிட்டு, ஏழு மணி வேனைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வந்தால் அந்த இரண்டு டம்ளரில் ஒன்று அப்படியே இருக்கும். அதைக் கொட்டும்போது எனக்கு வருகிற எரிச்சலை எழுதினால் படிக்கிறவர்கள் என்னை மனுஷி என்று சொல்ல மாட்டார்கள். சோர்ந்த உடம்புக்கு இரக்கம்கூட ஒரு வேலையாகத்தான் தெரியும்.

மார்கழி பிறந்திருந்தது. ஒரு நாள் காலையில் தலை துவட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“கண்மாயில தண்ணி கெடக்கா?”

“கெடக்கு.”

“அப்ப அயிரை வருமே.”

நான் துண்டோடு நின்றுவிட்டேன்.

“அயிரைன்னா முள்ளு எடுக்க வேண்டாம். கொழைஞ்ச சோத்துல பிசைஞ்சு டம்ளர்ல ஊத்திட்டா நானே குடிச்சிக்கிருவேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. முழுதாகத் தின்கிற மீன், முள் எடுத்துத் தர ஆள் வேண்டாம், அதாவது நான் வேண்டாம். கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். இரண்டு மாதத்தில் மனிதர் வாய்விட்டு இன்னது வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான். டம்ளரில் குடித்தாலும் சரி, உடம்பில் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். ஒரு வேளை நல்ல குழம்பு உள்ளே போனால், அடுத்த வேளைக்கு என் கையில் வாங்கிக்கொள்வாரோ என்று.

சிவகாசி மார்க்கெட்டில் இரண்டு தடவை பார்த்தேன். ஐஸில் போட்ட செத்த அயிரைதான் இருந்தது. அப்புறம் ஒரு புதன்கிழமை காலை, வேன் கண்மாய்க் கரையைத் தாண்டும்போது, மடைப் பக்கம் ஒருத்தி அலுமினியக் குண்டானும் உழக்குமாக உட்கார்ந்திருந்தாள். குண்டான் மேல் ஈரத்துணி மூடியிருந்தது. துணி மூடினால் உள்ளே துள்ளுகிறது என்று அர்த்தம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “சாயங்காலத்துக்கு ஒரு உழக்கு வைங்க!” என்று கத்தினேன். அவள் கேட்டாளோ என்னவோ, கையை மட்டும் தூக்கினாள்.

அன்றைக்கு முழுக்க எனக்குக் கூம்பில் நினைப்பு இல்லை. சாயங்காலம் வேனும் சீக்கிரம் வந்துவிட்டது. டிரைவருக்கு வீட்டில் ஏதோ விசேஷமாம். கம்பெனிக் குழாயில் கை கால் கழுவாமலே எல்லாரும் ஏறினோம். கண்மாய்க் கரையில் நிறுத்தச் சொன்னேன். அவள் இருந்தாள். எனக்காகவே இருந்தாள் போல. குண்டானில் மிச்சம் ஒரு உழக்குதான். என் சோற்றுத் தூக்குவாளியைக் கழுவி, கண்மாய்த் தண்ணீரை மொண்டு, அதில் அளந்து விட்டாள். தண்ணீருக்குள் அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்கு அழுகை முட்டியது. மீனைப் பார்த்து அழுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேனில் சொல்லாத ரகசியம் எங்களுக்குள் கிடையாது. என் வீட்டுக்காரர் என் கையால் சாப்பிடுவதில்லை என்பது இருபது பேருக்கும் தெரியும். மடியில் தூக்குவாளி கடகடவென்று ஆடியதும் பின் சீட்டில் இருந்து ஒருத்தி கேட்டாள்.

“ஏ மதினி, அயிரையா? அண்ணனுக்கா?”

“ஆமா.”

“அப்ப அயிரைய விட்டு வெரால் பிடிக்கப் போறீக!”

வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். சின்னதைக் கொடுத்துப் பெரியதைப் பிடிக்கிற ஆசை எனக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது.

வீடு வருவதற்குள் தூக்குவாளித் தண்ணீர் சூடாகிவிட்டது. மூடியைத் திறந்து பார்த்தால் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு மல்லாந்தும்விட்டன. முக்குக் கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

இந்த இடத்தில் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் வாசலுக்கு வெளியே ஒரு வாளி தனியாக இருக்கும். வேலை வாளி என்போம். வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் காலை வைக்கும் முன் கையை அதில்தான் அலச வேண்டும். மருந்துச் சேலையை அதில்தான் ஊறப்போட வேண்டும். அதை யாரும் உள்ளே எடுக்க மாட்டார்கள். அந்தத் தண்ணீரை ஆட்டுக்கும் காட்ட மாட்டோம், செடிக்கும் ஊற்ற மாட்டோம், ஊற்றினால் கருகிவிடும். என் மகள் தவழ்கிற காலத்திலேயே அந்த வாளியைக் காட்டி “ச்சீ” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறேன். காலையில் கிளம்பும்போதே அதில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போவது என் வழக்கம். பழைய மருந்து அடியில் வண்டலாகப் படிந்திருக்கும். மேலே பார்த்தால் நல்ல தண்ணீர் மாதிரிதான் தெரியும்.

வாசலுக்கு வந்தேன். என் கால் தினமும் நிற்கிற இடத்தில் நின்றது. என் கை தினமும் குனிகிற இடத்தில் குனிந்தது. தூக்குவாளியை அப்படியே கவிழ்த்தேன். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பாதியை ஊற்றினேன். தண்ணீர் வெள்ளையாகிவிட்டது. அயிரை துள்ளி வெளியே விழும் என்று ஒரு தாம்பாளத்தால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். வெகு சூட்டிகையாகச் செய்துவிட்டேன் என்று எனக்கே ஒரு திருப்தி. உள்ளே போய் அடுப்படிக் குழாயில் கையைத் தேய்த்துக் கழுவினேன். என்றைக்கும் வாளியில் அலசிவிட்டு வருகிறவள் இன்றைக்கு ஏன் இங்கே கழுவுகிறேன் என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

“கெடச்சிருச்சா?” என்று கட்டிலில் இருந்து கேட்டார்.

“கெடச்சிருச்சு. பால்ல விட்டிருக்கேன்.”

வாசலில் தாம்பாளம் டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். இரண்டு மாதமாகப் பேசாததை எல்லாம் அன்றைக்குப் பேசினார்.

“துள்ளுது கேளு. நல்ல உசுரான மீனு. கல்லுப்பு இருக்கா? பொடியுப்பப் போட்டுறாத. நீதான் இன்னைக்கு உரசணும். நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன். உள்ளங்கைய வச்சு அழுத்தாத, விரல் நுனியால சுத்தி விடு. நொர வரும். வரட்டும். அவசரப்படாத.”

அவசரப்படாதே என்று அவர் சொன்னதும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் கை நின்றது. வேகமாகக் குத்திவிட்டார் என்று நான் நம்பின மனிதர், ஒரு சுண்டுவிரல் மீனை எப்படி நோகாமல் தேய்ப்பது என்று எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இவரா அவசரப்பட்டிருப்பார் என்று முதல் தடவையாக அப்போதுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது. புளியைக் கரைத்து ஊற்றி, மல்லித் தூளும் வத்தல் தூளும் போட்டுக் குழம்பைக் கூட்டி அடுப்பில் ஏற்றினேன். அது கொதித்துச் சுண்டும்போது மீனைப் போட்டால் சரியாக இருக்கும்.

“என்ன புள்ள, சத்தத்தக் காணோம்?”

“கக்கிட்டு அடங்கியிருக்கும்.”

“அயிரை அடங்காது” என்றார்.

வாசல் விளக்கைப் போட்டு, கல்லை எடுத்து, தாம்பாளத்தைத் தூக்கினேன். அத்தனையும் மிதந்தன. பாலும் தண்ணீரும் கலந்த வெள்ளையில் ஓர் உழக்கு அயிரையும் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. கலங்கி மேலே வந்த வெள்ளிப் பொடி அவற்றின் மீசையில்கூட ஒட்டியிருந்தது. புஸ்வாண மருந்தில் போடுகிற அதே பொடி. தீபாவளிக்கு ஊரே அண்ணாந்து பார்க்கிற அந்த மினுமினுப்புத்தான். அப்போதுதான் வாளியைப் பார்த்தேன்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐயோ என்றுகூட வரவில்லை. பின்னால் அவர் வந்து நிற்பது தெரிந்தது. கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மார்போடு தூக்கி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மீனைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நான் சொன்ன அதே வார்த்தை. எதுக்கு அம்புட்டு அவசரம், நிதானமா செஞ்சிருந்தா இந்தக் கதி வருமா. ஒரு எழுத்துக் குறையாமல் எனக்கே திரும்பி வர வேண்டிய வார்த்தை. அதைக் கேட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்றுகூடத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன்.

அவர் சொல்லவில்லை. மெதுவாகப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

“வாளி மாறிப்போச்சா?”

“கை அதுபாட்டுக்குப் போயிருச்சுங்க. நான் நெனச்சுச் செய்யல.”

கட்டுப் போட்ட தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

“ஆமா. அதுபாட்டுக்குத்தான் போகும். அன்னைக்கு எனக்கும் அப்படித்தான். விடியமுன்ன இருந்து குத்துன கை. நாலு மணிக்கு அது என் கையாவே இல்ல.”

அந்த அறையில் நடந்ததைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. விசாரிக்க வந்தவர்களிடம் ‘தெரியல சார்’ என்றுதான் சொன்னார். அவ்வளவு பெரிய விஷயத்தை இந்த நாலு சொல்லில் சொல்லி முடித்துவிட்டார். பேப்பர்காரனைவிட இவர் கெட்டிக்காரர். நான் அழுதேன். மீனுக்காக அழுகிறேன் என்று அவர் நினைத்திருந்தால் அதுவும் சரிதான்.

பூனையும் காக்காயும் தின்றுவிடக் கூடாது என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு குழி வெட்டினேன். கூடவே வந்து நின்று, “இன்னும் ஆழமா வெட்டு. நாய் பறிச்சிரும்” என்றார். மண்ணைத் தள்ளி மூடி மிதித்தேன். சாகாமல் மண்ணுக்குள் கிடக்கத் தெரிந்த மீனைச் சாகடித்து மண்ணுக்குள் போட்டுவிட்டு வந்தோம்.

வாசலுக்கு வரும்போதே வாசனை வந்தது.

“கொழம்பு அடிப்பிடிக்கப் போகுது” என்றார்.

ஓடிப்போய் இறக்கினேன். மீன் போடாத மீன் குழம்பு. சோறும் வெந்திருந்தது. கொட்டவும் மனசில்லை, வேறு எதுவும் செய்யத் தெம்பும் இல்லை. சோற்றைக் குழையப் பிசைந்து, குழம்பை ஊற்றி, வழக்கம்போலக் கரைத்து ஊற்ற டம்ளரை எடுத்தேன்.

“டம்ளர் வேண்டாம்” என்றார்.

டம்ளரைக் கீழே வைத்தேன். தட்டிலேயே ஒரு வாய் உருட்டி எடுத்தேன். என் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி அப்படியே இருந்தது. இருபது வருடம் ஏறியது ஒரு கழுவலில் போகாது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையக் கழுவுனியா?”

“மூணு தடவ கழுவிட்டேன்.”

“எங்கன?”

“உள்ள, கொழாயில.”

“சரி” என்று சொல்லி வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரியில் சொன்ன வார்த்தைக்கு நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றுவரை கேட்டதில்லை. அவரும் அதை எடுத்துப் பேசியதில்லை. முதல் வாயை மென்று விழுங்கிவிட்டு, உப்புப் பத்தவில்லை என்றார். இரண்டாவது வாய்க்கு, நான் கையைத் தூக்கும் முன்னால், அவரே என் பக்கம் குனிந்தார்.